சர்க்கிளிப்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தண்ணி இறைக்கிற மெசின், லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள், கடல் என்ஜின் என்று எதைக் கழற்றினாலும் ஒரு சர்க்கிளிப்பாவது, அதாவது வாய் திறந்த ஸ்பிரிங் வளையமாவது, கையில் வரும். மலிவான சாமான். அதனாலேயே ஒருவரும் அதைக் கவனமாகப் பார்ப்பதில்லை. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றபடி சொல்லி முடிக்க இயலாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

சர்க்கிளிப்பின் வேலை என்ன?

சாப்ட்டிலோ துளைக்குள்ளோ இருக்கும் பெயரிங், கியர், புளி (பெல்ற் ஓடும் சில்லு) போன்றவை பக்கவாட்டில் நகராமல் மறிப்பது. சுற்றுவதை அது மறிக்காது. அதற்குக் கீ (சாப்ட்டுக்கும் கியருக்கும் இடையில் செருகும் இரும்புத் துண்டு) வேண்டும், அல்லது சாப்ட்டில் பல் வெட்டியிருக்க வேண்டும்.

சாப்ட்டைச் சுற்றி ஒரு தவாளிப்பு (ஒடுங்கிய பள்ளம்) வெட்டி அதற்குள் வளையத்தை உட்காரவிட்டால் மரையும் நட்டும் தேவையில்லை, இடமும் மிச்சம். ஆனால் சுமை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பெயரிங் வளையத்தைத் தள்ளுகிறது, வளையம் தவாளிப்பின் சுவரைத் தள்ளுகிறது. கடைசியில் எல்லாவற்றையும் தாங்குவது அந்தச் சுவர்தான், அரை மில்லிமீற்றர் உயரமான சுவர். வளையம் கடினமாக்கிய ஸ்பிரிங் உருக்கு. சாப்ட் பெரும்பாலும் அதைவிட மென்மையான உருக்கு. ஆகவே பழுது வரும்போது முதலில் பார்க்க வேண்டியது தவாளிப்பை.

வெளிச் சர்க்கிளிப், உள் சர்க்கிளிப் என்று எப்படிப் பிரித்தறிவது?

பிளையர் நுழையும் துளையுள்ள காதுகள் வளையத்துக்கு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது சாப்ட்டில் போடும் வெளிச் சர்க்கிளிப். காதுகள் உட்பக்கம் இருந்தால் துளைக்குள் போடுவது. ஜேர்மன் தரத்தில் முன்னையது டின் 471, பின்னையது டின் 472. காதே இல்லாமல், பக்கவாட்டில் தள்ளிச் செருகும் சிறியது ஈ கிளிப், அது டின் 6799.

பிளையரும் அப்படியே இரண்டு வகை. வெளிச் சர்க்கிளிப்புக்கான பிளையரின் கைப்பிடியை அழுத்தினால் நுனி விரியும், உள் சர்க்கிளிப்புக்கானதை அழுத்தினால் நுனி சேரும்.

கடையில் என்ன அளவு கேட்க வேண்டும்?

அதிகம் பிழைபோவது இங்கேதான். கழற்றிய வளையத்தை வேணியரால் அளந்து "பதினெட்டரை தாங்கோ" என்று கேட்டு வருவார்கள். அப்படி ஓர் அளவு கிடையாது. சர்க்கிளிப்பின் பெயரில் உள்ள இலக்கம் அது போகும் சாப்ட்டின் விட்டம், வளையத்தின் விட்டமல்ல. 20 மில்லிமீற்றர் சாப்ட்டுக்கான வளையத்தைச் சும்மா மேசையில் வைத்து அளந்தால் உள்விட்டம் 18.5 தான் வரும். அது உட்காரும் தவாளிப்பின் விட்டம் 19. அரை மில்லிமீற்றர் குறைவாக இருப்பதால்தான் வளையம் தவாளிப்பை இறுக்கிப் பிடிக்கிறது.

இது தெரியாமல் 18.5 ஐ 19 ஆக்கி, 19 இலக்க வளையத்தை வேண்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? அதன் உள்விட்டம் 17.5. அதை 20 சாப்ட்டின் மேலால் ஏற்றுவதற்கு அளவுக்கு மீறி விரிக்க வேண்டிவரும். விரித்த வளையம் திரும்பி வராது. மற்றப் பக்கமாக 22 ஐப் போட்டால் அதன் உள்விட்டம் 20.5. தவாளிப்புக்குள் தளர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

உள் சர்க்கிளிப்பிலும் அதே கதை, திசை மட்டும் மாறும். 47 துளைக்கானதை வெளியே வைத்து அளந்தால் வெளிவிட்டம் 50.5 வரும். கேட்க வேண்டிய இலக்கம் 47.

தடிப்பையும் பாருங்கள். 20, 25 சாப்ட்டுகளுக்கு 1.2 மில்லிமீற்றர், 30க்கு 1.5, 40க்கு 1.75. தவாளிப்பின் அகலம் வளையத்தைவிட ஒரு பொட்டு கூட இருக்கும்: 1.2 தடிப்புக்கு 1.3 அகலம். முடியுமென்றால் சாப்ட்டையே கடைக்குக் கொண்டு வாருங்கள். கொண்டுவர ஏலாவிட்டால் சாப்ட்டின் விட்டம், தவாளிப்பின் விட்டம், தவாளிப்பின் அகலம் மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதி வந்தால் காணும்.

வேணியர் இல்லை. பெயரிங் இலக்கம் மட்டும் தெரியும். அதைக்கொண்டு அளவு பிடிக்கலாமோ?

பிடிக்கலாம், அதுவும் நம்பிக்கையாக. பெயரிங்கின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தால் பெருக்குங்கள், சாப்ட்டின் விட்டம் வரும். 6204 என்றால் 20, 6205 என்றால் 25. அதற்குக் கீழே உள்ளவை மனப்பாடம்தான்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17.

வெளிவிட்டம் கணக்கில் வராது, தெரிந்து வைத்திருக்க வேண்டும். 6201க்கு 32, 6202க்கு 35, 6203க்கு 40, 6204க்கு 47, 6205க்கு 52. ஆக 6204 போட்ட பம்ப் ஒன்றில் சாப்ட்டில் 20 வெளிச் சர்க்கிளிப்பும், பெயரிங் உட்காரும் துளையில் 47 உள் சர்க்கிளிப்பும் வரும். 47க்கான உள் சர்க்கிளிப் 1.75 தடிப்பு, 52க்கானது 2.

ஒரு விசயம் கவனிக்க வேண்டும். சில கியர் பொக்ஸ் பெயரிங்குகளில் வெளி வளையத்திலேயே தவாளிப்பு வெட்டி, அதற்குள் ஒரு மெல்லிய வளையம் போட்டிருக்கும். இலக்கத்தின் பின்னால் என்.ஆர். என்று அடித்திருப்பார்கள். வெறுமனே இலக்கத்தை மட்டும் சொல்லி வேண்டினால் தவாளிப்பில்லாத பெயரிங்தான் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

போடப்போட சர்க்கிளிப் பாய்ந்துவிடுகிறது. சாமான் தரமில்லையோ?

சில வேளை அப்படியும் இருக்கலாம். ஆனால் எங்களிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை வளையத்தினுடையவை அல்ல.

இணுவில் பக்கத்து வெங்காயத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இறைப்பு மெசின் வந்தது. வந்தவர் சாப்ட்டை மேசையில் வைத்தபடியே, "அண்ணை, இப்ப வாற சர்க்கிளிப் ஒண்டும் நிக்குதில்லை" என்றார். தவாளிப்பைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். உட்பக்கச் சுவர் நேராக இருந்தது. சுமை தாங்கும் வெளிப்பக்கச் சுவரின் மேல் விளிம்பு உருண்டு, கண்ணாடிபோல் மினுங்கியது. நகத்தை வைத்து இழுத்தால் உட்பக்கத்தில் தடக்கென்று தட்டியது, வெளிப்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வளையமும் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறது. அந்தச் சாப்ட்டில் எந்த நாட்டு வளையத்தைப் போட்டாலும் நிற்காது.

சுவர் ஏன் உருளுகிறது? முதற் காரணம், பெயரிங்குக்கும் வளையத்துக்கும் இடையே ஆட்டம். இடைவெளி இருந்தால் சாப்ட் முன்பின் ஓடி ஒவ்வொரு முறையும் வளையத்தில் அடிக்கும். நிலையான தள்ளலைத் தாங்கும் சுவர் அடியைத் தாங்காது. இதற்குச் சரியான அளவான சிம் வளையத்தை இடையில் போட்டு ஆட்டத்தை எடுக்க வேண்டும். அரை, கால், 0.1 மில்லிமீற்றர் தடிப்புகளில் வரும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. பெயரிங்கின் மூலை உருட்டி விடப்பட்டிருக்கும். அந்த உருட்டல் காரணமாகத் தள்ளல் தவாளிப்புக்குக் கிட்ட விழாமல், வளையத்தின் வெளிப்பக்கத்தில் விழும். பலத்த காற்றில் குடை மறுபக்கம் மடிவதுபோல வளையம் வளைந்து, தவாளிப்பிலிருந்து ஏறிவிடும். கூரான மூலையுள்ள தடித்த தாங்கு வாசர் ஒன்றைப் பெயரிங்குக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும். பழைய மெசினில் அந்த வாசர் இருந்திருக்கும். கழற்றும்போது எங்கேயோ விழுந்து, யாரும் தேடாமல் விட்டிருப்பார்கள்.

மூன்றாவது, தவாளிப்புக்குள் செம்மண்ணும் காய்ந்த கிறீசும். வளையம் அடிவரை உட்காராமல் மேலோட்டமாக நிற்கும். புதியதைப் போடுமுன் கூரான எதனாலாவது சுரண்டித் துடையுங்கள். போட்ட பின் பிளையரால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே சரியாக இறங்கிய வளையம் இறுக்கமாகச் சுழலும்.

உருண்டுபோன தவாளிப்பைத் திருத்தலாமோ?

இரண்டு வழி. வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் திரும்பவும் கடைந்து வெட்டலாம். சூட்டில் சாப்ட் வளையும் என்பதால் மெல்லிய சாப்ட்டுக்கு இதை நாங்கள் விரும்புவதில்லை. அல்லது சற்று உள்ளே தள்ளிப் புதுத் தவாளிப்பு வெட்டி, குறைந்த நீளத்துக்கு ஏற்றபடி இடைவளையத்தை மாற்றலாம்.

புதிதாக வெட்டும்போது தவாளிப்புக்கும் சாப்ட்டின் நுனிக்கும் இடையில் போதிய இரும்பு விட வேண்டும். தவாளிப்பின் ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 20 சாப்ட்டில் ஆழம் 0.5, ஆகவே குறைந்தது 1.5 மில்லிமீற்றர். இதைக் குறைத்தால் அந்த விளிம்பு அப்படியே உடைந்து விழும். சாப்ட் வளைவைத் தாங்கும் நடுப்பகுதியில் தவாளிப்பு வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். வெடிப்பு தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

வாள் அலகால் வீட்டில் வெட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் மேடு, சுவர் சரிவு. அதைத் திருத்துவதைவிடப் புதுச் சாப்ட் கடைவது சுகம்.

எந்தப் பக்கம் உள்ளே பார்க்க வேண்டும்?

தகட்டிலிருந்து அடித்து வெட்டிய சர்க்கிளிப்பில் ஒரு பக்க விளிம்பு சற்று உருண்டும் மறு பக்க விளிம்பு கூராகவும் இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் நகத்தால் தடவுங்கள். உருண்ட பக்கம் பெயரிங்கைப் பார்க்க, கூரான பக்கம் தவாளிப்பின் சுமை தாங்கும் சுவரைப் பார்க்க வேண்டும். கூர் விளிம்பு சுவரோடு முழுதாக ஒட்டும். மாற்றிப் போட்டால் உருண்ட விளிம்பு சுவரில் ஏறுவதற்கு வழி பார்த்துக்கொண்டிருக்கும். கைவண்டிச் சில்லில் இது ஒரு பொருட்டல்ல. தள்ளல் உள்ள இடத்தில் பொருட்டு.

சர்க்கிளிப் பிளையர் இல்லாமல் ஸ்குறூ றைவரால் கழற்றலாமோ?

கழற்றலாம், பறக்கும். கண்ணுக்கு நேரே பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எறியப் போகிற வளையத்தைக் கழற்றுவதற்கு மட்டும் வேறு வழியில்லாவிட்டால் அப்படிச் செய்யலாம். புதியதை அப்படிப் போட வேண்டாம், ஒரு பக்கமாக முறுகிவிடும்.

பிளையர் வேண்டும்போது நுனியைப் பாருங்கள். காதின் துளைக்குள் போகக்கூடியவற்றில் தடித்த நுனிதான் நல்லது. மெல்லிய நுனி வளையும் அல்லது உடைந்து தெறிக்கும். வளையம் பறக்காமலிருக்க, காதின் துளையால் ஒரு நூலைக் கோர்த்து முடிந்துவிட்டுக் கழற்றுங்கள், அல்லது மேலே ஒரு துணியைப் போடுங்கள். உள்ளே விழுந்த வளையத்தைத் தேடிக் கியர் பொக்ஸைப் பிரிப்பது ஒரு நாள் வேலை.

பழையதைத் திருப்பிப் போடலாமோ?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஒருதரம் மிகையாக விரிந்த வளையம் பழைய வட்டத்துக்கு வராது. கட்டாயம் போட வேண்டிய நிலை என்றால், தவாளிப்பில் போட்டு ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் எறியுங்கள். பிஸ்ரன் பின் கிளிப், பிறேக் மாஸ்ரர் சிலிண்டரின் உள் சர்க்கிளிப் இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. புதியது மட்டுமே.

பிஸ்ரன் பின் கிளிப் போடும்போது அதன் திறந்த வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

மேலே அல்லது கீழே. பக்கவாட்டில் அல்ல. பிஸ்ரன் மேலும் கீழும் ஓடி ஒவ்வோர் முனையிலும் திரும்பும்போது கிளிப்பின் சொந்த நிறையே அதை இழுக்கிறது. வாய் பக்கவாட்டில் இருந்தால் இரண்டு கைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நெரிந்து கிளிப் சுருங்கும். சுருங்கினால் தவாளிப்பை விட்டு வெளியேறும். வெளியேறிய கிளிப் சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழே கோடு கீறிவிடும், பிறகு சிலிண்டரைப் போர் பண்ணாமல் (கடைந்து பெரிதாக்காமல்) தப்ப முடியாது. பிஸ்ரனில் கிளிப்பைக் கிளப்புவதற்கென்று ஒரு வெட்டு இருக்கும். வாய் அந்த வெட்டுக்கு நேரே வரவும் கூடாது. என்ஜினின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள்.

போடுமுன் கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடையுங்கள். இதைச் சொன்னால் பழக்கப்பட்ட பாஸ்மார் (மெக்கானிக்மார்) சிரிப்பார்கள், ஆனால் அவர்களும் அடைத்துத்தான் செய்கிறார்கள்.

காபரேற்றர் ஊசியில் இருக்கும் சின்னக் கிளிப்பை எங்கே மாட்டுவது?

அது ஓர் ஈ கிளிப். ஊசியின் தலைப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில தவாளிப்புகள் இருக்கும், பல ஊசிகளில் ஐந்து. கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி மேலே தூக்கப்படும், பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் ஊசி இறங்கும், பெற்றோல் குறையும். தெரியாவிட்டால் கழற்றுமுன் எந்தத் தவாளிப்பில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கடல் என்ஜினில் சர்க்கிளிப் கறள் பிடித்து உடைகிறது. ஸ்ரெயின்லெஸ் போடலாமோ?

குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறை என்று கரையோரமெங்கும் இருந்து இந்தக் கேள்வி வரும். சாதாரணச் சர்க்கிளிப்பின் கறுப்பு மேற்பூச்சு எண்ணெய் பூசி வைத்தால் மட்டும் பலன் தரும், உப்புத் தண்ணியில் அது ஒரு காவலே அல்ல. ஸ்ரெயின்லெஸ் போடலாம். ஆனால் எல்லா ஸ்ரெயின்லெஸ்ஸும் ஒன்றல்ல. ஸ்பிரிங் குணம் வரும்படி கடினமாக்கிய வகையில் செய்தது வேண்டும். சாதாரண ஸ்ரெயின்லெஸ் தகட்டில் வெட்டிய வளையம் விரித்தால் விரிந்தபடியே நிற்கும். வாங்கும்போது பிளையரால் மெல்ல விரித்து விடுங்கள். பழைய நிலைக்குச் சட்டென்று திரும்பாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

கறள் வளையத்தை மட்டும் தின்பதில்லை. தவாளிப்பின் சுவரையும் தின்னும். மாற்றும்போது கறளைச் சுரண்டி எடுத்து, மரைன் கிறீஸ் அப்பி மூடுங்கள்.

நாக (சிங்க்) முலாம் பூசிய பளபளப்பான சர்க்கிளிப் நல்லதோ?

பார்க்க நல்லது. மின்முலாம் பூசும்போது ஐதரசன் உருக்குக்குள் புகுந்து, கடினமான உருக்கை நொருங்கும் தன்மையாக்கிவிடும். முலாம் பூசிய உடன் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் பல மணிநேரம் சூடாக்கி அந்த ஐதரசனை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், போடும்போது ஒன்றும் நடக்காது. அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, மெசின் சும்மா நிற்கும்போதே வளையம் இரண்டாக உடைந்து கிடக்கும். எங்கே செய்தது என்று தெரியாத பளபளப்பைவிட எண்ணெய் பூசிய கறுப்பை நம்பலாம்.

சைக்கிள் கம்பியை வளைத்துப் போட்டால் என்ன?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. உதிரிப்பாகம் வராத நாட்களில் கம்பியை வளைத்துப் போட்டு வேலை பார்த்தவர்களின் கையைக் குறை சொல்ல எங்களால் முடியாது. இப்போது சாமான் கடையில் கிடைக்கிறது. கைவண்டி, தண்ணி வாளி உருளை போன்றவற்றுக்குக் கம்பி போதும். சதுரத் தவாளிப்பில் உருண்டைக் கம்பி சுவரின் விளிம்பை மட்டுமே தொடும். உருண்டைக் கம்பி வளையங்கள் என்று தனியாக ஒரு வகை உண்டுதான், ஆனால் அவற்றுக்கு உருண்டையான தவாளிப்பு வெட்டியிருக்கும். பிறேக்கிலோ, சில்லிலோ, உழவு மெசினின் யுனிவர்சல் ஜொயின்ற் குரொஸ்ஸிலோ கம்பி போட்டிருப்பதைக் கண்டால் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மிச்ச வேலை பார்ப்போம்.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களுக்கு?

அவை அங்குல அளவு. ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலச் சாப்ட் என்பது 19.05 மில்லிமீற்றர், ஓர் அங்குலம் 25.4. கிட்டத்தட்ட 19, 25 தானே என்று மெற்றிக் வளையத்தைப் போடுவார்கள். ஏறும், ஆனால் தவாளிப்பின் ஆழமும் அகலமும் வேறு. அங்குல வளையம் கிடைக்காவிட்டால், சாப்ட்டில் இரும்பு போதுமானதாக இருக்கும் இடத்தில் தவாளிப்பை மெற்றிக் அளவுக்குச் சரிசெய்து தரலாம். காரை அப்படியே மூலத்தன்மையோடு வைத்திருக்க விரும்புபவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். அதுவும் நியாயம்.

பல அளவு கலந்த பெட்டி ஒன்று வேண்டி வைக்கலாமோ?

கராச் வைத்திருந்தால் வேண்டலாம். வீட்டுக்கு என்றால் தேவையில்லை. அந்தப் பெட்டிகளில் சிறிய அளவுகள் நிறைய இருக்கும், உங்களுக்குத் தேவையானது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உங்கள் மெசினில் இருக்கும் பெயரிங் இலக்கத்தைப் பார்த்து, அந்த அளவில் உள்ளும் வெளியுமாக இரண்டிரண்டு எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, மேலே அளவை எழுதி வையுங்கள். இறைப்பு மும்முரமான நாளில் மெசின் நின்றால் கடை திறக்கும்வரை பயிர் காத்திருக்காது.